பண்டிதர் முதலில் வைத்தியர்

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் வரும்போது அவருடைய தலைப்பாகைப் படத்தைப் போட்டு, தமிழ்ப் பௌத்தத்தின் முன்னோடி, 'தமிழன்' இதழின் ஆசிரியர், திராவிடம் என்ற சொல்லை அரசியலுக்குக் கொண்டு வந்தவர் என்று எழுதுகிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் இராயப்பேட்டையில் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர்களில் பலர் இதற்காகவெல்லாம் வரவில்லை. காய்ச்சல், வாதம், பிள்ளைக்குச் சீர் என்று வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் வைத்தியர். பண்டிதர் என்ற சொல்லே அந்தக் காலத்தில் வைத்தியரையும் குறித்தது.

ஆரணியில் உட்கார்ந்து அவருடைய எழுத்துகளைப் படிக்கிற நாங்கள் இந்த வைத்தியரைப் பற்றித்தான் இந்த ஆண்டு எழுத நினைத்தோம். காரணம் இருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு இன்று மரியாதை கூடியிருக்கிறது. டெங்கு வந்தால் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை அண்டாவில் காய்ச்சி ஊற்றுகிறது. இந்த மருந்தை நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருந்தவர்கள் யார் என்ற பேச்சு மட்டும் எங்கும் எழுவதில்லை.

முதலில் அந்தப் பெயர். 1845 மே 20இல் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். சாதி மீறிக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்ட நாட்டார் தெய்வத்தின் பெயர். நம் பக்கத்து ஊர்களில் இன்றும் தாத்தாக்களுக்கு இருக்கும் பெயர். அந்தப் பெயரை அவர் மாற்றிக்கொண்டார். தனக்குத் தமிழும் வைத்தியமும் கற்றுக்கொடுத்த ஆசிரியர், தொண்டை மண்டலம் வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். அந்த ஆசிரியர் மீதிருந்த அன்பினால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். நாம் விழா எடுக்கும் பெயர், சிலை வைத்த பெயர், அஞ்சல் தலையில் அச்சடித்த பெயர் உண்மையில் ஓர் ஆசிரியருடைய பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். இவரோ தன் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குருவை வைத்தார். சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் ஓலைச்சுவடியும் இலக்கணமும் மருந்தும் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார், அவரிடம் கற்றுக்கொள்ள ஒருவர் போனார் என்பதற்கு இந்தப் பெயர் சாட்சி. தொண்டை மண்டலம் என்றால் நம் வட ஆற்காடும் சேர்ந்ததுதான்.

இது அவர் வீட்டுக்குப் புதிதும் இல்லை. பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் சமையற்காரராக இருந்தவர். தன் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடியார் ஓலைகளை அவர் ஹாரிங்டனிடம் கொடுக்க, அவை எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். எல்லிஸ் பெயர் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கந்தப்பனைத் தேடிப் பாருங்கள்.

பறையர்களில் வள்ளுவர் பிரிவினர் சோதிடமும் மருந்தும் பார்த்தார்கள். நாவிதர் வீட்டு ஆண்கள் கட்டியை அறுத்து மருந்து வைத்தார்கள், பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். மருத்துவர், மருத்துவச்சி என்றே அவர்களை ஊர் அழைத்தது. தீட்டு என்று ஒதுக்கிய கையைத்தான் பிரசவ நேரத்தில் ஊர் தேடி வந்தது. உடம்பைத் தொடுவது இழிவு என்று சாதி சொன்னதால், உடம்பைத் தொடும் கலை தொடக்கூடாதவர்களிடம் தங்கியது. வைத்திய வரலாறு எழுதுகிறவர்கள் பதினெண் சித்தர்களிலிருந்து நேராகக் கல்லூரிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இருந்த இந்தக் கைகளை எழுதமாட்டார்கள்.

பண்டிதரின் வைத்தியத்துக்கு வலுவான சாட்சி சொல்கிறவர் திரு.வி.க. 1883இல் துள்ளத்தில் பிறந்து இராயப்பேட்டையில் வளர்ந்த திரு.வி.க.வுக்குச் சிறு வயதில் கையும் காலும் முடங்கிப்போயின. பள்ளிப் படிப்பு நின்றது. அயோத்திதாசப் பண்டிதரின் மருத்துவத்தால் குணமானதைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். 1894இல் வெஸ்லி பள்ளியில் படிப்பைத் தொடர்ந்தார். பின்னாளில் அவர் பேசிய மேடைகள், நடத்திய 'தேசபக்தன்', 'நவசக்தி', 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எழுப்ப பி அண்டு சி மில் தொழிலாளர்களிடையே நடந்த நடை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிறுவனின் முடங்கிய காலில் எண்ணெய் தடவிய வைத்தியர் ஒருவர் இருக்கிறார்.

இதில் இன்னொன்றையும் திரு.வி.க. மறைக்கவில்லை. சைவப் பற்று மேலோங்கிய இளைஞராக இருந்தபோது, இராயப்பேட்டைப் பௌத்த சங்கத்தின் கூட்டங்களுக்குக் குழப்பம் விளைவிக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே சிங்காரவேலரின் பேச்சைக் கேட்டு மனம் மாறினார் என்பது பிற்பாடு நடந்தது. பண்டிதர் குணமாக்கிய கால்கள் பண்டிதரின் கூட்டத்தைக் கலைக்கவும் நடந்தன. வைத்தியருக்கு இது புதிதாக இருந்திருக்காது. மருந்துக்கு வருகிறவன் கொள்கைக்கும் வருவான் என்று எந்தச் சேரி வைத்தியரும் எதிர்பார்ப்பதில்லை.

சரி, அரசியலுக்கு வருவோம். பண்டிதரை அரசியல்வாதியாக மட்டும் படிக்கிறவர்கள் அவருடைய தீர்மானங்களைக் கோரிக்கைப் பட்டியலாகப் படிக்கிறார்கள். நாங்கள் அவற்றை ஒரு வைத்தியர் எழுதியவையாகப் படித்துப் பார்த்தோம். 1891 டிசம்பர் 1ஆம் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் முதல் மாநாடு நடந்தது. பத்துத் தீர்மானங்கள். 'பறையன்' என்று இழிவாக அழைப்பதைத் தண்டனைக்குரியதாக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும், படித்தவர்களுக்கு அரசு வேலை வேண்டும், சிறையில் பறையருக்கு இழிவான வேலை கொடுக்கும் விதியை எடுக்க வேண்டும் என்று அவை போகின்றன. அவற்றுக்கு நடுவில், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடையில்லாமல் தண்ணீர் எடுக்கும் உரிமை. மகாடு குளத்துக்கு 36 ஆண்டுகள் முன்னால், நீலகிரி மலையில், தண்ணீரைக் கேட்டு ஒரு தீர்மானம். பேதியும் காலராவும் எந்தத் தண்ணீரில் வருகின்றன, எந்தத் தெருவில் முதலில் சாவு விழுகிறது என்று வைத்தியனுக்குத் தெரியாதா?

'தமிழன்' இதழில் அவர் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு வாதம் இருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை அவருடைய எழுத்தில் இதுதான் உச்சம். சேரியில் இருப்பவர்கள் அழுக்காக இருக்கிறார்கள், மெலிந்து கிடக்கிறார்கள், அதனால்தான் அவர்களைத் தொடுவதில்லை என்று சாதி இந்துக்கள் காரணம் சொன்னார்கள். பண்டிதர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். சுத்தமான தண்ணீரை மொள்ள விடாமல் தடுத்தது யார்? வண்ணாரைத் துணி வெளுக்க விடாமல், நாவிதரைச் சவரம் செய்ய விடாமல், வைத்தியரைச் சேரிக்குள் போக விடாமல் தடுத்தது யார்? இத்தனையையும் தடுத்துவிட்டு, அழுக்கையும் நோயையும் மெலிவையும் காட்டி இழிந்தவர்கள் என்கிறீர்களே என்று கேட்டார். அழுக்கினால் தீண்டாமை வரவில்லை, தீண்டாமையினால் அழுக்கு வந்தது. நோய்க்குறியைக் காட்டி அதையே காரணம் என்று சொல்கிறவனிடம் நாடி பார்க்கத் தெரிந்தவன் பேசுகிற பேச்சு இது. இதைச் சமூகவியல் என்று இப்போது சொல்கிறார்கள். அவருக்கு இது தினம் பார்த்த உடம்புகளில் படித்த பாடம்.

மேலே சொன்ன மூன்று தடைகளில் மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். வைத்தியரைப் போக விடாமல் தடுத்தார்கள். ஊருக்குள் வைத்தியம் பார்த்த பலர் சேரி நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கமாட்டார்கள், தூர நின்று மருந்தை இலையில் வைத்துப் போவார்கள் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாடி பார்க்காமல் சித்த வைத்தியம் எப்படி? வாதம், பித்தம், கபம் மூன்றும் விரல் நுனியில்தான் பேசும் என்கிறார்கள். தொடாத வைத்தியம் பாதி வைத்தியம்கூட இல்லை.

1892இல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். சிவன் கோயிலுக்கும் விஷ்ணு கோயிலுக்கும் எங்கள் மக்கள் போவதைத் தடுப்பது ஏன் என்று அங்கே கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் அதை அங்கேயே முடித்தார். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், தரிசாகக் கிடக்கும் நிலமும் கேட்டார். பிறக்கும்போது காத்தவராயன் என்று பெயர் வைக்கப்பட்டவரிடம் நாட்டுச் சாமியைக் காட்டி அவமானப்படுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு 1898. கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்புக்குப் போய் சுமங்கல நாயக தேரரிடம் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். வைத்தியர் ஒருவர் புத்தரிடம் போனதில் எங்களுக்கு வியப்பில்லை. புத்தரைப் பௌத்த நூல்கள் மருத்துவர் என்றே அழைக்கின்றன. துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அது நீங்கும், நீக்கும் வழி இருக்கிறது என்ற நான்கு உண்மைகளின் வரிசையும் வைத்தியனின் வரிசைதான். தமிழ்ச் சித்தர்களையும் பௌத்த மரபினர் என்றே பண்டிதர் வாதிட்டார். அந்த வாதத்தின் ஒவ்வொரு சொல்லாராய்ச்சியையும் இன்று ஏற்க முடியாது. சில இடங்களில் சொற்களை அவர் இழுத்த இழுப்பு அதிகம்தான். ஆனால் மருந்து, மொழி, அறம் மூன்றும் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று சொல்ல அவருக்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது. அதை அவரே எழுதினார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அடுத்த ஆண்டே 'தமிழன்' ஆனது. சாகும்வரை நடத்தினார். சுதேசி முழக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அன்னியத் துணியைக் கொளுத்து, உள்நாட்டுத் துணியை உடுத்து என்றார்கள். கூட இருக்கிற மனிதனுக்குக் குடிக்கத் தண்ணீர் தராதவர்களுக்கு எதற்குச் சுயராச்சியம் என்று பண்டிதர் கேட்டார். நெசவு ஊர்க்காரர்களான எங்களுக்கு இந்த இடம் உறைக்கும். தொண்டை மண்டலத்தில் கோலியர் என்ற பெயரில் பறையர்களில் ஒரு பிரிவினர் முரட்டுத் துணி நெய்து வந்தார்கள். உள்நாட்டு நெசவைக் கொண்டாடிய எந்த மேடையிலும் அவர்களுடைய தறிச்சத்தம் கேட்கவில்லை. ஆரணிப் பட்டு என்றால் இன்றும் சொல்லப்படும் வரலாறு ஜாகீர்தாரிலிருந்து சௌராஷ்டிரர்கள் வழியாக வரும். தார் சுற்றுகிற, சாயப் பட்டறையில் நிற்கிற, கூலிக்குக் குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மிதிக்கிற கால்களின் வரலாறு அதில் இல்லை. நாற்பது வயதில் எங்கள் தெருவில் முழங்கால் பிடித்துப்போகாத நெசவாளியை விரல் விட்டு எண்ணலாம். வாத வைத்தியம் எங்களுக்குப் புத்தக விஷயம் இல்லை.

பண்டிதரைத் தெய்வமாக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று அவர் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் அருந்ததியர், குறவர் போன்றவர்களை நிறுத்தினார். ஒடுக்கப்பட்டவர்களின் உடம்பைச் சாதி எப்படிக் கெடுக்கிறது என்று அத்தனை தெளிவாகக் கண்டவர், துப்புரவு வேலையில் தள்ளப்பட்டவர்களிடம் அதே கணக்கைப் போடவில்லை. அருந்ததியத் தோழர்கள் இதைக் கேட்கும்போது, அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று சனாதனிகளுக்கு நாம் சலுகை கொடுத்ததில்லையே. பண்டிதரின் வாதத்தைப் பண்டிதரிடமே பொருத்திக் காட்டும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அவர் போன பிறகு என்ன ஆயிற்று? மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பிறகு நின்றது. 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னை மீண்டும் கொண்டுவந்தார். ஏன் தங்கவயல்? அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பங்கு வட ஆற்காட்டு, சித்தூர்ச் சேரிகளிலிருந்து போனவர்கள். பண்ணையாளிடமிருந்து தப்பித்துப் பாறைத் தூசிக்குள் போனார்கள். கையில் கூலிக்காசு வந்ததும் பௌத்த சங்கமும் பள்ளியும் அச்சகமும் வைத்தார்கள். பண்டிதரின் புத்தகங்கள் அங்கே மறுபடி அச்சாகின. பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர்களின் தகரப் பெட்டியில் அவை நம் பக்கத்துக்கும் வந்தன. சென்னை மறந்த வைத்தியரை நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளி நினைவில் வைத்திருந்தான்.

இதே ஆண்டுகளில் வைத்தியத்தின் கதை வேறு பக்கம் திரும்பியது. 1920களில் சென்னை அரசாங்கம் நாட்டு வைத்தியத்தை விசாரிக்க முகமது உஸ்மான் தலைமையில் குழு போட்டது, இந்திய மருத்துவப் பள்ளியைத் திறந்தது. பாடத்திட்டம், சான்றிதழ், பதிவு எல்லாம் வந்தன. 1970இல் மத்திய சட்டமே வந்தது. சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊசி போட்டு ஏழைகளைக் கொல்லும் போலிகளைச் சேரிதான் அதிகம் பார்த்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடப்படாதவர்களிடம் பட்டம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் இருக்கும்? மருந்து கல்லூரிக்குள் போனது, மருந்து தெரிந்த கிழவி வாசலில் நின்றாள். மருத்துவச்சிகளின் கதை இன்னும் மோசம். அவர்கள் கை அசுத்தம் என்று சொல்லி அவர்களுக்குச் சோப்புப் போடக் கற்றுக்கொடுத்த அரசாங்கம், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது.

2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை, தலித் இயக்கங்கள் அவரை மீட்டெடுத்துப் பேசியதன் பலன். அதே ஆண்டு அஞ்சல் தலையும் வந்தது. 2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் சிலையும் திறந்தார்கள். முழங்கால் வலிக்கும் தோல் நோய்க்கும் ஆரணியிலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் பேருந்து பிடித்துத் தாம்பரம் போய் வருகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். சீட்டில் அச்சடித்திருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டால், ஏதோ சித்தர் என்பார்கள். எங்களில் சிலருக்கு இதில் கோபம். எங்களில் ஒரு அக்கா மட்டும், பரவாயில்லை, சித்தர் வரிசையில் நம்ம ஆளைச் சேர்த்துவிட்டார்களே என்று சிரித்தார்.

ஆனால் அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் இருப்பவர்களைச் சொல்லாமல் விட முடியாது. 'தமிழன்' இதழ்களைப் பல்லாண்டு தன் வீட்டில் பாதுகாத்தவர் அன்பு பொன்னோவியம். திருப்பத்தூரில் அந்தப் பௌத்த மரபைக் கைவிடாமல் வைத்திருந்து, எங்கள் வரலாறு உங்களிடமிருந்து தொடங்கவில்லை என்று 1985இல் திராவிட இயக்கத்தாரை மறுத்துப் புத்தகம் எழுதியவர் டி.பி. கமலநாதன். இவர்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் இல்லை. அவர்களைப் போன்றவர்கள் வைத்திருந்த நைந்த தாள்களிலிருந்து 1999இல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. செத்து 85 ஆண்டுகள் கழித்து பண்டிதரின் எழுத்து கடைக்கு வந்தது. பெரியார், அம்பேத்கர் என்று மேடையில் முழங்கிய எத்தனையோ தமிழ்த் தலைவர்கள் அதுவரை அவர் பெயரை உச்சரிக்கவில்லை. அம்பேத்கரோ, பண்டிதரின் சங்கத்தோடு இணைந்து வேலை செய்த லட்சுமி நரசுவின் பௌத்த நூலை 1948இல் தன் முன்னுரையோடு மறுபதிப்பு செய்தார். நூல் முதன்முதலில் அச்சான 1907ஆம் ஆண்டுதான் 'தமிழ'னும் பிறந்தது.

எங்களிடம் முதல் தொகுதி ஒன்றுதான் இருக்கிறது. பெரிய புத்தகம், பழைய நடை. வடமொழியும் தமிழும் கலந்த அந்த வாக்கியங்களைத் தறி நின்ற பிறகு, இரவில், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் எங்களுக்கு வசதிப்பட்டது. புரியாத சொல்லை எழுதி வைத்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறோம். கை மாறி மாறி அட்டை பிய்ந்துபோனதால், முறுக்கிய பாவு இழையால் முதுகைத் தைத்திருக்கிறோம். இப்போது அது சேவூரில் ஒரு வீட்டில் இருக்கிறது. அடுத்து கேட்டிருப்பவர் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி ஒருவரின் பேத்தி, செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு.